மாத்தடியில் நான்காவது ஆள்

எங்கள் ஊர் ஒயிலாட்டத்தைப் பார்த்துவிட்டு யாராவது "ரொம்ப அழகா இருக்கு சார்" என்று சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழகாகத்தான் இருக்கும். வெள்ளை வேட்டி, தலையில் உருமா, காலில் சலங்கை, கையில் ஆளுக்கொரு கலர் துண்டு. பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள் ஒரே வரிசையில் நின்று துண்டை வீசிக் காலைத் தட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? திருச்சியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் துண்டுதான் தெரியும். எங்கள் ஊர்ப் பெண்கள் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வரிசையில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆவூர்ப் பக்கம், பழைய வேதக்கார ஊர், எல்லாரும் கிறிஸ்தவர்கள். பாதிப் பேர் விவசாயம், பாதிப் பேர் வெளிநாடு, இரண்டுக்கும் லாயக்கில்லாத என்னைப் போன்றவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள். மாதா திருவிழாவுக்கு மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பகல் சப்பரம் கிளம்பும். மாதா சுரூபத்தை வைத்த சப்பரம் தெருத் தெருவாகப் போகும். அதற்கு முன்னால் எங்கள் செட்டு ஆடிக்கொண்டே போகும்.

நாங்கள் ஆடுகிற ஆட்டங்களுக்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் கிடையாது. முதலில் கும்பிடு. கோயில் வாசலைப் பார்த்து நின்று, துண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலைத் தட்டுவது. அடுத்தது கமலை. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்து ஆட்டம் அது. மாடு போகிற மாதிரி முன்னால் போய், திரும்பாமல் அப்படியே பின்னால் வர வேண்டும். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்தவன் எவன் என்பது கமலையில் தெரிந்துவிடும். அப்புறம் நாற்று, குனிந்து குனிந்து நடவு நடுகிற மாதிரி ஆடுவதால் என் வயதுக்காரர்களுக்கு மறுநாள் இடுப்பு இருக்காது. கோயிலுக்குத் திரும்பி வந்ததும் மங்களம் பாடி முடிப்போம். இவற்றுக்கு நடுவில், சப்பரம் நிற்கிற ஒவ்வொரு வாசலிலும் ஆடியே ஆக வேண்டியது மாத்தடி.

மாத்தடி சின்ன ஆட்டம்தான். வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் ஒரு ஜோடி. அண்ணாவி பாட்டின் கடைசியில் "தாயே" என்று முடிப்பார். அந்தத் "தாயே"வில் முதல் ஜோடி ஒருவரையொருவர் சுற்றி வந்து நிற்கும். அடுத்த "தாயே"வுக்கு அடுத்த ஜோடி. இப்படியே வரிசை முடிகிற வரைக்கும். அண்ணாவி என்றால் பாட்டெடுத்துக் கொடுத்துச் செட்டை நடத்துகிறவர். எங்கள் அண்ணாவிக்குத் தொழில் கொத்தனார் வேலை. தொண்டை மட்டும் மாதா கொடுத்தது.

வரிசையில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு. நான் மூன்றாவது ஆள். அந்த இடத்தில் இன்னொருவன் வந்து நிற்க முடியாது. ஆள் வெளிநாடு போய்விட்டால், அவன் திரும்பி வருகிற வரைக்கும் அவனுக்குப் பதிலாக ஓர் ஆளைப் போடுவோம். ஆள் செத்துவிட்டால் போட மாட்டோம். அடுத்து வரும் திருவிழாவில் அவன் இடத்தைக் காலியாக விட்டுத்தான் ஆடுவோம். மாத்தடி வரும்போது, அவனுக்கு ஜோடியாக நின்றவன் அந்தக் காலி இடத்தைத் தனியாகச் சுற்றி வருவான். அதற்கு அடுத்த வருசம் வரிசை நெருங்கிக்கொள்ளும்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நேரில் பார்க்க வேண்டும். கீரனூர் ரோட்டில் லாரி மோதிச் செத்த ஒருவருடைய மனைவி, அடக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை; முப்பதாம் நாள் பூசையிலும் விடவில்லை. "கல்லு மனசுக்காரி" என்று ஊர் பேசியது. திருவிழாவில் சப்பரம் அவர்கள் வாசலில் வந்து நின்று, அவர் ஜோடி வெறும் தரையைச் சுற்றி வந்தபோதுதான் அந்தம்மாள் அப்படியே மடங்கித் தெருவில் உட்கார்ந்தது. எங்கள் ஊரில் ஒருவன் செத்தான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி கிடையாது.

செத்தவனுக்கு ஒரு வழி, பிழைக்கப் போனவனுக்கு ஒரு வழி. இரண்டிலும் சேராத ஆளுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. என் தங்கச்சி புருசன் கதை அப்படி ஆகிப்போனது.

வரிசையில் அவர்தான் நான்காவது ஆள், மாத்தடியில் என் ஜோடி. நான் மாப்பிள்ளை என்பேன், அவர் மச்சான் என்பார். நல்ல மனுசன், ஆனால் ஆட்டத்தில் மந்தம். எந்த "தாயே"வுக்கும் சரியாகக் கிளம்பியது கிடையாது. ஒரு மூச்சு பிந்தித்தான் கால் எடுப்பார். கல்யாணத்தன்றுகூடப் பந்தலுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் மாப்பிள்ளைதான். அண்ணாவி அவரைத் திட்டித் திட்டிப் பார்த்து, கடைசியில் தானே இறங்கி வந்துவிட்டார். எங்கள் ஜோடி வரும்போது மட்டும் "தாஆஆ...யே" என்று கொஞ்சம் இழுத்துக் கொடுப்பார். நானும் அந்த இழுப்புக்குப் பழகிக்கொண்டேன். வேறு யாருக்கும் இந்தச் சலுகை இல்லை. "ஒன் தங்கச்சி வீட்டுக்காரனுக்காகப் பாட்டே நொண்டுதுடா" என்று அண்ணாவி என்னைத்தான் வைவார்.

கல்யாணமாகிச் சில வருசத்தில் மலேசியாவுக்குப் போனார். பிள்ளை இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கச்சி வீட்டுக்குப் போனால் வீடியோ காலில் இருப்பார். திருவிழாவில் அவர் இடத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிற ஒருவரைப் போட்டோம். டைல்ஸ்காரர் கணக்குப் பார்த்து ஆடுகிறவர், பிந்த மாட்டார். அண்ணாவி இழுப்பதை விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடை முதலாளி, "அவன் வேலைய விட்டுப் போயிட்டான்" என்றார். கூட இருந்தவர்கள், தோட்ட வேலைக்குப் போனார் என்றார்கள். ஜெயிலில் இருக்கிறார் என்றான் இன்னொருவன். நான் புதுக்கோட்டைக்குப் போய், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கிற கூட்டத்தில் நின்றேன். மறுபடியும் நின்றேன். பள்ளிக்கூடத்தில் லீவு தீர்ந்ததுதான் மிச்சம். மனு வாங்குகிற கை ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருக்கும், பதில் மட்டும் ஒன்றே: "மேல அனுப்பியிருக்கோம் சார்."

ஒரு வருசம் போன பிறகு, அங்கே வேலை பார்க்கிற பக்கத்து ஊர்க்காரர் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஆற்றோரம் கிடந்த ஒரு சவம். அடையாளம் தெரியாத ஆள் என்று அங்கேயே அரசாங்கம் புதைத்துவிட்டதாம். முகம் ஊதிப்போய் யார் என்றே சொல்ல முடியாது. அந்தக் கண்றாவியை என் தங்கச்சிக்கு எப்படிக் காட்டுவது? காட்டாமலும் முடியாது. அவளும், நான் அத்தை என்று கூப்பிடுகிற அவள் மாமியாரும் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

"இது அவரில்ல" என்றாள் தங்கச்சி.

"எம் புள்ளதான்" என்றார் அத்தை.

ஒரே போட்டோ. நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

பெத்த மனம் பித்து என்பார்கள். பெத்தவள்தான் கடைசிவரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கட்டியவள் சீக்கிரம் தேறிவிடுவாள் என்றுதான் ஊர் நினைக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். அத்தைக்கு மகன் செத்துவிட்டான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அழ முடியவில்லை. வாய் விட்டு அழுதால் தங்கச்சி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "உசுரோட இருக்கிறவருக்கு ஏன் ஒப்பாரி வைக்கிறீங்க?" என்று சத்தம் போடுவாள். அத்தை அடக்கிக்கொள்வார். சோறு இறங்காது. ஆள் வற்றிக்கொண்டே வந்தார்.

"நான் கண்ண மூடுறதுக்குள்ள எம் புள்ளைக்கு ஒரு தடவையாச்சும் அழுதுட்டுப் போறேன்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் கேட்டார். "மாதா பாத்துக்குவாங்க அத்தை" என்று உளறிவிட்டு வந்தேன்.

கோயிலில் இன்னும் கொடுமை. பூசைக்கு முன்னால் கருத்துகளை வாசிப்பார்கள், யாருக்காக இன்றைய பூசை என்று. ஒரு ஞாயிறு சாமியார் வாசித்தார். இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக அவருடைய தாயார். நாலு பெயர் தள்ளி, அதே ஆளுடைய பெயர், உடல்நலத்துக்காகவும் நல்லபடியாக ஊர் திரும்பவும் அவருடைய மனைவி. சாமியார் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாசித்து முடித்துவிட்டு, தப்பாக வாசித்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் தூக்கி இன்னொரு தடவை பார்த்தார். பின்னால் எவனோ சிரித்தான். அவனைத் தேடிப் பிடித்து அறைய வேண்டும் என்று கை பரபரத்தது. மாமியாரும் மருமகளும் ஒரே பாயில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கச்சியின் பிடிவாதத்துக்குப் பாசம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். அவளே சொன்னாள், மறைக்கவில்லை.

"அவரு இல்லன்னு ஆயிருச்சுன்னா இந்த வீட்டுல நான் யாருண்ணே? புள்ளையா குட்டியா, எதச் சொல்லி இங்க இருப்பேன்? ஒன் வீட்டுக்கு வந்து அண்ணி மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?"

"வந்தா என்ன? நான் சோறு போட மாட்டேனா?"

"நீ போடுவே. அண்ணி தட்ட எப்படி வைப்பாங்கன்னு ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும்.

போன வருசத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால், கோயிலுக்குப் பின்பக்கம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நல்ல வெயில் தாழ்ந்த நேரம். கமலையில் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது அண்ணாவி பாட்டை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் அத்தை. கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஆம்பளைகள் ஒத்திகை பார்க்கிற இடத்துக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை.

"அண்ணாவி, எம் மகன் எடத்த விட்ருங்க" என்றார். "அந்த டைல்ஸ் புள்ளைய நிப்பாட்டாதீங்க. இந்த வருசம் காலியா விட்டு ஆடுங்க. நான் அழணும்."

டைல்ஸ்காரர் பாவம், தன் கால் சலங்கையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான்; எங்கள் ஊரில் அதற்கு மட்டும் ஆள் பஞ்சம் கிடையாது. தங்கச்சி தலைமுடியைக்கூடச் சரியாக முடியாமல் ஓடி வந்தாள்.

"யாரக் கேட்டு எடம் விடுவீங்க?" என்றாள் அண்ணாவியைப் பார்த்து.

"பெத்தவ நான் கேக்குறேன்" என்றார் அத்தை.

"தாலி என் கழுத்துல கெடக்கு. நான் சொல்லணும்."

அண்ணாவி துண்டால் முகத்தைத் துடைத்தார். மனுசனுக்குச் சுவர் எழுப்பத் தெரியும், பாடத் தெரியும். இதெல்லாம் அவருக்கு ஆகாது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீதான்ப்பா அவனுக்கு ஜோடி. நீதான் சுத்தப் போறவன். நீ சொல்லு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என்னய என்னன்னு சொல்லச் சொல்றீங்க? செத்தான்னு நான் சொல்லணுமா? பொழச்சான்னு நான் சொல்லணுமா? நான் என்ன மாதாவா?" என்று கத்தினேன். அப்புறம் தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். "ஆளப் போட்டே ஆடுங்க. சேதி வந்தா அப்பப் பாத்துக்கலாம்" என்றேன்.

அத்தை என்னை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஒன் தங்கச்சிக்காகப் பேசுற. பேசு, தப்பில்ல. எம் மகனுக்காக யாருய்யா பேசுறா?" என்று கேட்டுவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். தங்கச்சி அவர் பின்னாலேயே, கை கொடுக்காமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நடந்து போனாள். இருவரும் ஒரே வீட்டுக்குத்தானே போக வேண்டும்.

பகல் சப்பரம் அன்று வெயில் கொளுத்தியது. தெருவெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தும் கால் பொத்துப்போகிற சூடு. கும்பிடு முடித்து, கமலையில் மேலத்தெரு தாண்டி, வாசல் வாசலாக நின்று மாத்தடி ஆடிக்கொண்டு போனோம். ஒவ்வொரு வாசலிலும் மாதாவுக்கு மாலை, மெழுகுதிரி, நேர்ச்சைக்கு உப்பும் மிளகும். டைல்ஸ்காரர் என் பக்கத்தில் பிசகில்லாமல் ஆடினார். ஒவ்வொரு "தாயே"வுக்கும் இருவரும் சேர்ந்து கிளம்பினோம், சேர்ந்து நின்றோம்.

அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கச்சி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கையில் மாலையோடு. ஊருக்குக் காட்டத்தான் அவ்வளவு பூ. சப்பரம் நின்றது. தங்கச்சி மாலையைக் கொடுத்துவிட்டு வந்து தன் இடத்தில் நின்றாள். அண்ணாவி மாத்தடி எடுத்தார். முதல் ஜோடி சுற்றி வந்து நின்றது. அடுத்தது நாங்கள்.

"தாஆஆ..." என்று இழுத்துவிட்டார் அண்ணாவி.

டைல்ஸ்காரர் எப்போதும் போலக் கணக்குக்குக் கிளம்பிவிட்டார். நான் கிளம்பவில்லை. பல வருசம் பழகிய இழுப்பு. காலே எழவில்லை, நின்றுவிட்டது. நான் நிற்பதைப் பார்த்ததும், தான்தான் முந்திவிட்டோம் என்று டைல்ஸ்காரர் பயந்துபோனார். என் மேல் மோதிவிடக் கூடாதென்று சட்டென்று பின்னால் விலகித் தவில்காரர் பக்கம் போய்விட்டார். அப்போதுதான் "...யே" வந்தது. கால் தானாகக் கிளம்பியது. நான் சுற்றினேன். சுற்றி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் ஆள் இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. வாசலில் இருந்தவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: மூன்றாவது ஆள் தனியாக, காலி இடத்தைச் சுற்றி வந்தான்.

தவில் நின்றுவிட்டது. அப்புறம் அத்தை நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். "என்னப் பெத்த ராசா" என்று அவர் எடுத்த ஒப்பாரி இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை. நெஞ்சில் அறைந்து அறைந்து அழுதார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "செட்டுல எடம் விட்டுட்டாங்கடீ" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இரண்டு மூன்று பேர் தங்கச்சியிடம் போனார்கள். ஒரு கிழவி அவள் தலைப் பூவில் கையை வைத்தாள்.

அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தங்கச்சி நேராக எங்கள் வரிசைக்கு வந்தாள்.

"திரும்ப ஆடுங்க" என்றாள். அழவில்லை. "ஆளு இருந்துச்சு. நான் பாத்தேன். வெலகிப் போயிட்டாரு. அவர நிப்பாட்டித் திரும்ப ஆடுங்க."

அண்ணாவி கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கே தெரியாம இழுத்துட்டேன்த்தா. அந்த வாசலப் பாத்ததும் அவன் நெனப்பு வந்துருச்சு. வாய் தானா இழுத்துருச்சு. வேணும்னு செய்யல, மாதா சத்தியமா."

"சரி. இப்ப சரியாப் பாடுங்க."

"ஒரு வாசல்ல ஆடுனத மறுபடி ஆடக் கூடாதுத்தா. ஒனக்குத் தெரியாததா?"

"எம் புருசனச் சாகடிக்க ஒரு பாட்டுப் போதும், உசுரோட இருக்காருன்னு சொல்ல இன்னொரு பாட்டுப் பாட மாட்டீங்களா?"

என்ன கேள்வி! சப்பரம் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். சாமியார் என்னைப் பார்த்தார், நான் அண்ணாவியைப் பார்த்தேன். "பாடுங்க அண்ணாவி, வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது" என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதே நேரம் வாசலில் அத்தையைப் பார்த்தேன். தலைவிரிகோலமாகக் கிடந்து, பெண்கள் மடியில், ஆசை தீர அழுதுகொண்டிருந்தார். இதைத் திரும்ப ஆடினால் அவரைப் போய் "அழாதீங்க அத்தை, தப்பா ஆடிட்டோம்" என்று நிறுத்த வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தப் பக்கமும் என்னுடையது, இந்தப் பக்கமும் என்னுடையது. சலங்கையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அண்ணாவி கமலைப் பாட்டை எடுத்தார். சப்பரம் நகர்ந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

தங்கச்சி வீட்டுக்குத் திரும்பவில்லை. நாலாவது ஆள் நிற்கிற இடத்தில், என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஒயிலாட்ட வரிசையில் பெண் நிற்பதை எங்கள் ஊர் பார்த்ததில்லை. டைல்ஸ்காரர் தவிலோடேயே தங்கிவிட்டார். "வீட்டுக்குப் போத்தா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. காதிலேயே வாங்கவில்லை. நாங்கள் முன்னால் போனால் கூடவே வந்தாள். பின்னால் வந்தால் அவளும் பின்னால் நடந்தாள். ஆடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுமனே நடந்தாள். இந்த இடம் காலி என்று இனி எவனும் சொல்லக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வாசலுக்கு வாசல் ஊர் வாய் பிளந்தது. "பித்துப் பிடிச்சிருச்சு" என்றார்கள் சிலர். "வெக்கங்கெட்டவ" என்றும் ஒரு குரல் கேட்டது. செல்போன்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. துண்டால் அவற்றைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் மாத்தடி வந்தது. எங்கள் முறை வரும்போது அவள் நட்டுவைத்த கம்பம் மாதிரி அசையாமல் நிற்பாள். நான் மட்டும் அவளைச் சுற்றி வருவேன். எங்கள் அம்மா இறந்த பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். வாசல் கூடக் கூட அவள் நடை தளர்ந்தது. வெறுங்காலோடு வந்திருந்தாள். தலைப் பூ வதங்கித் தொங்கியது. எடுத்துப் போடவும் இல்லை, சரி செய்யவும் இல்லை.

கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். மங்களத்துக்கு முன்னால் அங்கே கடைசியாக ஒரு மாத்தடி. அண்ணாவி குரல் கம்மிப்போயிருந்தது. எங்கள் ஜோடி வந்தபோது அவர் இழுக்கவில்லை. அளவாக, பயந்து பயந்து, "தாயே" என்று முடித்தார்.

நான் சுற்றினேன். பாதிச் சுற்றில் கண் தவறி அவள் முகத்தில் பட்டுவிட்டது. சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எந்த வாசலிலிருந்து அழுகிறாளோ தெரியவில்லை. கழுத்தெல்லாம் நனைந்து கிடந்தது. அவ்வளவு தூரம் அந்த இடத்திலேயே நின்று, நடந்து, என்ன தெரிந்துகொண்டாளோ.

"அண்ணே" என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற குரல். "அவரு வர மாட்டாருல்ல?"

என் பின்னால் ஆட்டம் வந்துகொண்டிருந்தது. நிற்க முடியாது. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை நாளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

"ஆமாத்தா" என்றேன். மீதிச் சுற்றையும் சுற்றிவிட்டு என் இடத்தில் வந்து நின்றேன். அடுத்த ஜோடி கிளம்பிவிட்டது.